ரோட்டுக்கு டெபாசிட், உசுருக்கு?

"ஏதாவது ஆச்சுன்னா நான் குடுக்கறேன்" என்கிறான் மலக்குழியில் ஆளை இறக்கும் காண்ட்ராக்டர். எதை வைத்துக் கொடுப்பான்? ஒரு லாரி, ஒரு லெட்டர்பேடு. ஆள் செத்த மறுநாள் அதுவும் இருக்காது.

இதே பேச்சை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பேசினால் பிணை கேட்பார்கள். இன்சூரன்ஸ் எடுக்காமல் நட்டஈட்டைத் தானே தருவதாகச் சொல்லும் தனியார் முதலாளி, அரசிடம் அனுமதி வாங்கி, 1984-இல் உண்டான உத்தரவாத நிதியில் சேர வேண்டும். அவன் திவாலானால் நிதி தொழிலாளிக்குத் தரும். பணம் போதாவிட்டால் மற்ற முதலாளிகளிடம் வசூலிக்கும். இது அவர்கள் கருணை அல்ல, ஒருவன் ஓடினால் அடுத்தவன் பையில் கைவைக்கிற ஏற்பாடு. அங்கும் யோக்கியம் முழுசா இல்லை. நுரையீரல் கருகிய சுரங்கத் தொழிலாளிகளுக்காக நிலக்கரிக் கம்பெனிகளிடம் போதிய பிணை வாங்காமல் விட்டார்கள். 2014–2016-இல் கம்பெனிகள் திவாலாகி, சுமார் 86.5 கோடி டாலர் சுமை மத்திய அரசின் நிதியில் விழுந்தது.

நம்ம கதை? 1923-ஆம் வருஷச் சட்டம் முதலாளியே பொறுப்பு என்றது; காண்ட்ராக்ட் விட்டவனையும் பொறுப்பாக்கியது. ஆனால் இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கவில்லை, பின்னால் நிற்க ஒரு நிதியும் வைக்கவில்லை. மலக்குழிச் சாவுக்கு உச்சநீதிமன்றம் 2014-இல் 10 லட்சம் என்றது, 2023-இல் 30 லட்சம் என்றது. தொகை ஏறிச்சு. பெட்டி எங்கே? மனுவைத் தூக்கிக்கொண்டு அலைகிறவள் செத்தவன் பொண்டாட்டி.

டெபாசிட் என்றால் நகராட்சிக்குத் தெரியாதா என்ன! டெண்டர் எடுத்தவன் போட்ட ரோடு பெயர்ந்தால் பிடித்துக்கொள்ளப் பில்லில் பணத்தை நிறுத்தி வைக்கிறது. தாருக்கு இருக்கிற பிணை, குழியில் இறங்கும் அருந்ததியர் மகனுக்கு இல்லை.

பாதுகாப்பில்லாமல் இறக்குவதை 2013 சட்டமே தடுக்கிறதே, தடுத்த வேலைக்கு நிதி கேட்பது சாவுக்கு விலை பேசுவதாகாதா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். விலையை அவன் எப்பவோ பேசி முடிச்சுட்டான் தோழரே, ஆஸ்பத்திரி வாசலில், வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்கி. இறக்காதே என்பதுதான் நம் முதல் சொல். ஆனால் ஆள் மிஷினைவிட மலிவாகக் கிடைக்கிற வரைக்கும் அவன் மிஷின் வாங்கப் போவதில்லை.

ஆகவே கேட்போம்: சாக்கடை டெண்டர் எடுக்கிறவன் ஆளுக்கு 30 லட்சம் பிணையை முன்கூட்டியே கட்டட்டும். அவன் ஓடினால் மற்ற காண்ட்ராக்டர்கள் பங்கு போட்டுக் கட்டட்டும். காண்ட்ராக்ட் விட்ட நிர்வாகம் அதற்காகக் காத்திராமல் குடும்பத்துக்கு முதலில் கொடுக்கட்டும். உங்க ஊரில் அடுத்த டெண்டர் என்றைக்கு? போய் விசாரித்து வாருங்கள்.