சர்க்கரை இறங்கினாலும் ஆபத்து!

சர்க்கரை ஏறுவதைப் பற்றிப் பேசாத வீடில்லை. இறங்குவதைப் பற்றி யார் கவலைப்படுகிறோம்? "குறைஞ்சா நல்லதுதானே, மாமி?" என்று எங்கள் அம்பத்தூரில் என்னிடம் கேட்பவர்கள் அநேகம். அவர்களுக்காகவே இந்த எலிக் கதை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், எக்ஸ்ரே கதிர் பட்ட எலி ஒன்றின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கட்டி உண்டாயிற்று. வில்லியம் சிக் என்ற டாக்டரும் அவர் குழுவினரும் அக்கட்டியை அதே இனத்து எலிகளின் தோலுக்கடியில் வைத்து வளர்த்து, 1977-ல் விவரங்களை வெளியிட்டார்கள்.

நம் கணையம் கெட்டிக்காரக் குடும்பத்தலைவி மாதிரி. சாப்பிட்டதும் இன்சுலினை எடுத்துக் கொடுக்கும். சர்க்கரை குறைந்தால் கையை மூடிக்கொள்ளும். கட்டிக்கு அந்த நிதானம் கிடையாது. அது வளர வளர எலிகளின் ரத்தச் சர்க்கரை சரிந்தது. கட்டியே இன்சுலினைக் கொட்டியதால் எலியின் சொந்தக் கணைய செல்கள் சோம்பிவிட்டன. கட்டியை அகற்றியதும் சர்க்கரை சில நாள் ஏறி, பிறகுதான் சமநிலைக்கு வந்தது.

மனிதர்களுக்கு இக்கட்டி வருவது மிக அபூர்வம். பெரும்பாலும் புற்றுநோயாக இராது, ஆபரேஷனில் குணமாகிவிடும். விடியற்காலையில், வெறும் வயிற்றில் குழப்பமும் வியர்வையும் அடிக்கடி வந்து, இனிப்பு சாப்பிட்டதும் தெளிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். 'வலிப்பு', 'மனக்கோளாறு' என்று நாமே பெயர் வைத்துவிடக் கூடாது.

ஆனால் கட்டி இல்லாமலே இந்த நிலை நம் வீட்டில் வரலாம். எஸ்டேட்டில் காலை ஷிப்டுக்கு ஓடுகிற கணவர், இன்சுலின் ஊசியோ சில வகை மாத்திரையோ போட்டுக்கொண்டு டிபனை விட்டுவிட்டால் போதும். கார்த்திகை சோமவாரம் என்று பட்டினி கிடக்கும் மாமியாருக்கும் இதே கதிதான்.

கை நடுக்கம், படபடப்பு, வியர்வை, காரணமில்லாத கோபம், உளறல் – இவை அறிகுறிகள். சோதித்துப் பார்த்து 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. தெளிந்ததும் இரண்டு இட்லியாவது சாப்பிடட்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்திலேயே ஒரு சர்க்கரை டப்பாவும் இருக்கட்டும், சகோதரிகளே!