கட்டுத்தரையை ஒழிக்க வேண்டாம், ஒழுங்கு செய்யுங்கள்

குமாரபாளையம் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கும் விவசாயி ஒருவர் அண்மையில் என்னைக் கேட்டார். புதிதாகக் கான்கிரீட் வீடு கட்டியிருக்கிறார். மருமகள் முழுகாமல் இருக்கிறார். "மாடு, நாய், கோழி எல்லாத்தையும் வித்துப் போடலாமுங்களா? பொறக்கற கொழந்தைக்குக் கிருமி ஒட்டிக்கும்னு சொல்றாங்க" என்றார்.

விற்க வேண்டாம் என்றேன். காரணத்தை எல்லா விவசாயிகளும் அறிய வேண்டும்.

கிருமி என்றாலே பகை என்று எண்ணுவது தவறு. பாலைத் தயிராக்குவதும், சாணத்தை எருவாக்குவதும் நுண்ணுயிர்களே. நிலக்கடலை விதையில் ரைசோபியம் கலந்து விதைப்பவருக்கு இது புதிய செய்தி அல்ல. கால்நடையும் நாயும் உள்ள வீட்டுத் தூசியில் பலவகை நுண்ணுயிர்கள் இருக்கும். குழந்தையின் உடல், எதை எதிர்க்க வேண்டும், எதைப் பொறுக்க வேண்டும் என்று இளம் வயதில் அவற்றிடமிருந்தே கற்றுக்கொள்கிறது.

அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரு விவசாயச் சமூகங்கள் உண்டு. வம்சாவளியிலும் உணவிலும் பெரிதும் ஒத்தவர்கள். ஆமிஷ் குடும்பத்தார் குதிரை பூட்டி உழுது, வீட்டை ஒட்டியே மாடு வளர்க்கிறார்கள். ஹட்டரைட் மக்களின் பண்ணை இயந்திரமயமானது. தொழுவமும் வீட்டுக்குத் தொலைவில் உள்ளது. ஹட்டரைட் பள்ளிக் குழந்தைகளில் நூற்றுக்கு சுமார் 21 பேருக்கு ஆஸ்துமா. ஆமிஷ் குழந்தைகளில் சுமார் 5 பேருக்கே. 2016-ல் வெளியான ஆய்வில், ஆமிஷ் வீட்டுத் தூசியில் பாக்டீரியாவிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற பொருள் ஏறக்குறைய 7 மடங்கு அதிகம் இருந்தது. அந்தத் தூசியைக் கொடுத்த எலிகளுக்கும் மூச்சுக்குழல் ஒவ்வாமை குறைந்தது.

இந்தக் கணக்கை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. இது நோய்க்கு மருந்தும் அல்ல. ஏற்கெனவே இளைப்பு உள்ள குழந்தையை நாயோடு விட்டால் குணமாகும் என்று எண்ண வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. கட்டுத்தரையில் நன்மை செய்யும் நுண்ணுயிர் இருக்கும் இடத்தில் உயிர் குடிக்கும் கிருமியும் வரலாம். வெறிநோய் கண்டபின் பிழைப்பது அரிது. குட்டிக்கு 3 மாதத்தில் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் தொடர வேண்டும். நாய் கடித்தால் சுண்ணாம்பும் மிளகாயும் தடவாமல், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொட வேண்டாம். புரூசெல்லா நோய் தொற்றும். கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போகக் கூடாது. கிடாரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் இதற்கான தடுப்பூசி உண்டு. பாலைக் காய்ச்சியே குடியுங்கள். நாய்க்குக் குடற்புழு மருந்து தவறாமல் கொடுங்கள்.

கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக்கைக் கோழித் தண்ணீரில் கலக்கும் பழக்கம் இவை எல்லாவற்றையும்விடக் கெட்டது. நல்ல நுண்ணுயிர் சாகும்; மருந்துக்கு அடங்காத கிருமி மிஞ்சும். அது கோழியோடு நிற்காது, வீட்டுக்குள்ளும் வரும். கோலிஸ்டின் மருந்தைக் கோழி வளர்ப்பில் பயன்படுத்த 2019-ல் மத்திய அரசு தடை விதித்தது இதனால்தான். மருந்து கொடுத்த மாட்டின் பாலையும் கால்நடை மருத்துவர் சொன்ன நாள் வரை விட்டுவிட வேண்டும்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். மாட்டைப் பார்ப்பது கால்நடை மருந்தகம், மனிதரைப் பார்ப்பது ஆரம்ப சுகாதார நிலையம். கிருமிக்கு இந்தப் பிரிவு தெரியாது. கோமாரித் தடுப்பூசி முகாம் நடக்கும் நாளிலேயே ஊர் நாய்களுக்கும் வெறிநோய் ஊசி போட்டு, கர்ப்பிணிகளுக்கும் தாய்மார்களுக்கும் சுகாதார செவிலியர் அறிவுரை சொன்னால் ஒரே செலவில் இரண்டு வேலையும் முடியும்.

மாடு கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும். சமையலறைக்கும் கட்டுத்தரைக்கும் நடுவே சோப்பும் தண்ணீரும் இருக்கட்டும். பேரக்குழந்தை கன்றைத் தடவிப் பார்க்கட்டும். சோறு உண்ணும் முன் கை கழுவட்டும்.