அது சரக்கு இல்ல சாமி, வெள்ளாமை

டிஸ்கி: குடிக்காதவர்களைக் குடிக்கச் சொல்லும் பதிவு இல்லை இது. குடிக்காமல் இருந்தால் ஈரலுக்கும் நல்லது, பர்ஸுக்கும் நல்லது. ஏற்கெனவே ஒரு கிளாஸ் எடுக்கிறவர்களோடுதான் எனக்கு வழக்கு.

போன சனிக்கிழமை பானேரில் ஒரு தமிழ் நண்பர் வீட்டில் சாப்பாடு. ஹிஞ்சவடியில் பொட்டி தட்டும் தம்பி ஒருத்தர் ஆன்சைட் முடிந்து வந்திருந்தார். ஏர்போர்ட் டூட்டி ஃப்ரீயில் வாங்கிய தென்னாப்பிரிக்க வெள்ளை ஒயின் ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். நான் வழக்கம் போல ஒரு நாசிக் பாட்டிலோடு போயிருந்தேன். அது சமையல் மேடையில் எண்ணெய் கேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

"சார், நீங்க இன்னும் இந்த லோக்கல் ஐட்டத்தை விடலையா?" என்றார் தம்பி.

இரண்டு லேபிளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அதிலும் செனின் பிளாங்க், இதிலும் செனின் பிளாங்க். ஒரே திராட்சை. "அது வேற சார், இது வேற" என்று சிரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கமணி ஒரு பார்வை பார்த்தார். இருபது வருஷ அனுபவத்தில் அதற்கு 'மூடிட்டு சாப்பிடுங்க' என்று அர்த்தம். அங்கே மூடிக்கொண்டேன். இங்கே யார் தடுப்பது? :)

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தம்பி கொண்டுவந்தது நல்ல ஒயின். தென்னாப்பிரிக்க செனின் தேடிப்போய்க் குடிக்க வேண்டிய சாமான்தான். ஆனால் அது எப்படி அந்த இடத்துக்கு வந்தது என்று தெரிந்தால், நாசிக் பாட்டிலை எண்ணெய் கேன் பக்கத்தில் வைக்கக் கை கூசும்.

அந்த ஊரில் இந்தத் திராட்சைக்குப் பழைய பெயர் ஸ்டீன். உலகத்திலேயே அதிகமாக செனின் இருப்பது அங்கேதான். ஆனால் ரொம்ப காலம் அதற்கு மரியாதை கிடையாது. மகசூல் நன்றாகக் கொடுக்கும், அதனால் பிராந்தி காய்ச்சவும் மலிவு ஒயினுக்கும் போய்க்கொண்டிருந்தது. நம்மூர்ப் பாஷையில் ரேஷன் அரிசி. நிறவெறி ஆட்சி முடிந்து 1994ல் உலகச் சந்தை திறந்தபோது, இதைப் பிடுங்கிவிட்டுப் பிரெஞ்சுப் பெயர் உள்ள சிவப்புத் திராட்சை போடலாம் என்றுதான் பலரும் நினைத்தார்கள், நிறையப் பேர் பிடுங்கவும் செய்தார்கள். சிலர் மட்டும் 'இது எங்க கொடி, எங்க மண்ணு' என்று பிடித்துக்கொண்டு நின்றார்கள். இன்றைக்கு 35 வருஷத்துக்கு மேல் வயதான கொடியில் வந்த ஒயின் என்று பாட்டில் கழுத்தில் தனி முத்திரையே ஒட்டுகிறார்கள்.

அந்தத் தோட்டங்களில் கூலிக்குப் பதிலாக வேலையாட்களுக்கு ஒயினையே ஊற்றிக்கொடுத்துக் குடிநோயாளி ஆக்கிய 'டொப்' என்ற அநியாயமும் நடந்திருக்கிறது. கொண்டாடும்போது அதையும் மறக்கக் கூடாது. ஆனால் சொந்த மண்ணின் காய்ப்பை மதிப்பது எப்படி என்பதை அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

இப்போது நம்ம பக்கம் வருவோம்.

நான் பிறந்தது கம்பம் பள்ளத்தாக்கில், நாராயணத்தேவன்பட்டி. பி.காம். முடித்து பேங்க் வேலைக்கு வந்தேன், மகாராஷ்டிரத்திலேயே செட்டில் ஆகிவிட்டேன். புனேயிலிருந்து நாசிக் ரோட்டில் 80 கிலோமீட்டர் போனால் நாராயண்காவ். தக்காளிச் சந்தை, தமாஷா கூத்து, பக்கத்தில் சிவாஜி பிறந்த சிவ்நேரி கோட்டை. ரெண்டு ஊர்ப் பெயரிலும் நாராயணன், ரெண்டு ஊர்லயும் திராட்சை. முதல் தடவை போனபோது எனக்குத் தொண்டை அடைத்தது என்று சொன்னால் தங்கமணி நம்பமாட்டார்.

இந்த நாராயண்காவில்தான் 1980களில் ஷாம்ராவ் சௌகுலே ஷாம்பெய்ன் பாணியில் ஒயின் செய்ய ஆரம்பித்தார். அதற்குத் தொழில்நுட்பம் பிரான்சிலிருந்து வந்தது. ஓமர் கய்யாம் என்ற பெயரில் அது வெளிநாட்டுக்குக் கூடப் போனது. அப்புறம் ராஜீவ் சமந்த், கலிஃபோர்னியாவில் ஆரக்கிள் வேலையை விட்டு வந்து, நாசிக்கில் 1997ல் சாவிஞான் பிளாங்க்கும் செனின் பிளாங்க்கும் நட்டார். 2000ல் சூலாவின் முதல் ஒயின். 2001ல் மாநில அரசு திராட்சைப் பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை போட்டு, உள்ளூர் ஒயினுக்குக் கலால் வரியைத் தள்ளுபடி செய்தது. சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில், கரும்புக்கும் சர்க்கரை ஆலைக்கும் பேர்போன ஊரில், ஃப்ராட்டெல்லி வந்தது. இத்தாலிய ஒயின் மேஸ்திரி, உள்ளூர் நிலம்.

இங்கே கொடியை வருஷத்துக்கு ரெண்டு தடவை கவாத்து செய்வார்கள். மராத்தியில் ஏப்ரல் சாட்ணி, ஆக்டோபர் சாட்ணி. புதிதில் ஒரு விவசாயி 'சாட்ணி முடிஞ்சுது சாஹேப்' என்றபோது நான் இட்லியைத் தேடினேன். :) ஜனவரியிலிருந்து மார்ச் வரை அறுப்பு. வெயில் ஏறுவதற்கு முன்னால் பழம் ஒயின் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும்.

இப்போது நான் ஏன் இதற்கு இவ்வளவு குதிக்கிறேன் என்று சொல்கிறேன்.

2009ல் நாசிக் பக்கம் ஒரு தாலுகா கிளையில் விவசாயக் கடன் அதிகாரியாக இருந்தேன். ஒரு காகா, அறுபது வயது, நாலு ஏக்கர். ஒரு ஒயின் ஆலையோடு ஒப்பந்தம் போட்டு, எங்கள் கிளையில் கடன் வாங்கி, ஒயின் திராட்சை போட்டிருந்தார். பந்தல் கம்பி, சொட்டு நீர் எல்லாம் கடன்தான். உருப்படியான மகசூல் மூணாவது வருஷம்தான் வரும். மகசூல் வந்த நேரம் உலகமே கவிழ்ந்து கிடந்தது. 2008 நிதி நெருக்கடி, நவம்பரில் மும்பைத் தாக்குதல், ஓட்டல்கள் காலி, ஒயின் தொட்டிகளில் தேங்கி நின்றது. ஆலைக்காரர் பழத்தை எடுக்கவில்லை. சரி, மார்க்கெட்டில் விற்கலாமே என்பீர்கள். ஒயின் திராட்சை பொடிசு, கொட்டை உண்டு, தோல் தடிப்பு. யார் வாங்கித் தின்பார்கள்?

காகாவின் கணக்கு வாராக்கடன் ஆனது. நோட்டீஸில் கையெழுத்துப் போட்டது நான். அவர் கோபப்படவில்லை. 'சாஹேப், தோட்டத்தை ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்க' என்றார். போனேன். கொடியையெல்லாம் வேரோடு பிடுங்கி வரப்பில் அடுக்கியிருந்தார். தாம்ப்ஸன் விதையில்லாத் திராட்சை போடப் போவதாகச் சொன்னார். அந்த வருஷங்களில் நாசிக் சுற்றுவட்டாரத்தில் பிடுங்கியவர்கள் நிறையப் பேர். நான் சொன்ன நாராயண்காவ் கம்பெனியும் 2008க்கு அப்புறம் கடனில் மூழ்கி, கோர்ட் கலைக்கச் சொல்லும் நிலைக்குப் போனது.

அந்த வாரக் கடைசியில் ஒரு பேங்க் பார்ட்டி. மேஜையில் ஒரு ஃபாரின் ஒயின். நானும் 'ஆஹா' சொல்லிக்கொண்டே குடித்தேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. எனவே தம்பியைத் திட்டும்போது பாதித் திட்டு எனக்கும் சேர்த்துத்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம், அது என் தொழில். இறக்குமதி ஒயினுக்கு சுங்கம் பெரும்பாலும் 150 சதவீதம். துறைமுகத்துக்கு 300 ரூபாய் விலையில் ஒரு பாட்டில் வருகிறது என்று வையுங்கள். 450 ரூபாய் வரி, மொத்தம் 750. அதன் மேல் மாநில வரி, இறக்குமதிக்காரர், மொத்த வியாபாரி, கடைக்காரர் லாபம். கடையில் நீங்கள் கொடுக்கிற விலையில் பாட்டிலுக்குள் இருப்பது அந்த 300 ரூபாய் ஒயின்தான், மீதி டில்லிக்கும் மும்பைக்கும் போகிறது. அதே காசுக்கு இங்கே ஒரு ஆலை தான் செய்வதிலேயே நல்லதைக் கொடுக்கும். 'டூட்டி ஃப்ரீயில் வரி இல்லையே' என்பவர்களுக்கு: சாமி, ஒரு பயணத்துக்கு ரெண்டு லிட்டர். மீதி நாளெல்லாம்?

அந்த வரிச் சுவரும் இறங்க ஆரம்பித்துவிட்டது. 2022 டிசம்பரில் அமலுக்கு வந்த ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில் 5 டாலருக்கு மேற்பட்ட ஒயினுக்கு வரி 150லிருந்து 100, பத்து வருஷத்தில் 50. 15 டாலருக்கு மேல் என்றால் உடனே 75, பிறகு 25. வரட்டும், போட்டி நல்லதுதான். ஆனால் மோதவேண்டியவன் பயில்வானா இல்லையா என்று பார்க்காமலே நாம் நம்ம ஆளைத் திண்ணையில் உட்காரவைத்திருக்கிறோம்.

அரசியல்வாதிகளைக் கேட்கவே வேண்டாம். 2022 ஜனவரியில் மகாராஷ்டிர அமைச்சரவை பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒயின் விற்கலாம் என்று முடிவெடுத்தது. எதிர்க்கட்சி கொதித்தது, அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் அறிவித்தார். ஜூனில் அரசே மாறியது, முடிவு அமலுக்கு வரவில்லை. குடியால் குடும்பங்கள் அழிவதைப் பார்த்தவன் நான், அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் குவார்ட்டர் விஸ்கி கிடைக்கும் கடை தெருவுக்குத் தெரு இருக்கும்போது, விவசாயி விளைவித்த பழத்தின் மேல் மட்டும் இந்த ஒழுக்கம் பாய்வானேன்? இதே மாநிலச் சட்டம் ஒயினுக்கு 21 வயது, விஸ்கிக்கு 25 வயது என்று வித்தியாசம் பார்க்கிறதே.

நம்ம ஊர்க் கதை இன்னும் கொடுமை. டாஸ்மாக்கை 'ஒயின் ஷாப்' என்கிறோம். உள்ளே போய் ஒயின் கேட்டுப் பாருங்கள், மேலும் கீழும் பார்ப்பார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த கொடி என்கிறார்கள். வருஷம் முழுக்க ஏதோ ஒரு தோட்டத்தில் அறுப்பு நடக்கும். விலை விழுந்தால் எங்க மாமா பழத்தை விட்டுவிட்டு அறுப்புக் கூலியை மட்டும் கணக்குப் பார்ப்பார். கடை போர்டில் ஒயின், கடைக்குள் பிராந்தி, தோட்டத்தில் அழுகும் திராட்சை. இதற்குப் பெயர் மதுக்கொள்கை.

நம்ம ஒயின் எல்லாம் அமிர்தம் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரைத் தண்ணி மாதிரி ஒயினும் உண்டு, கடைக்காரர் ஏப்ரல் வெயிலில் ஷோகேஸில் நிற்கவைத்து வேகவைத்த பாட்டிலும் உண்டு. வெளிச்சத்தில் நிற்பதை வாங்காதீர்கள். வெள்ளை ஒயின் என்றால் வயது குறைந்ததாகக் கேளுங்கள், நன்றாகக் குளிரவைத்துக் குடியுங்கள். நாசிக் செனினில் லேசான இனிப்பு இருக்கும், நம்ம மிளகாய்த்தூள் போட்ட மீன் வறுவலுக்கு அது சரியான ஜோடி. சிவப்பு வேண்டுமென்றால் அக்லூஜின் செட்டே, நந்தி மலையிலிருந்து வரும் குரோவரின் லா ரிசர்வ், சூலாவின் திண்டோரி ஷிராஸ். பிடிக்கவில்லையா, நேராகச் சொல்லுங்கள். குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

தம்பி, அடுத்த சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க. உங்க தென்னாப்பிரிக்காவையும் கொண்டு வாங்க, ஒரே மேஜையில் வைப்போம். எண்ணெய் கேன் இருக்கும் இடத்தில் எண்ணெய் மட்டும் இருக்கட்டும்.