பிரம்படி யாருக்கு?

மலேசிய நாட்டுச் சட்டப் புத்தகத்திலே ஒரு பிரிவு இருக்கிறது. 1959/63-ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டம், பிரிவு 55பி. முறையான அனுமதி இல்லாத அயல்நாட்டானை வேலைக்கு வைத்துக்கொள்ளும் முதலாளிக்கு, ஆள் ஒருவருக்கு 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாமல் 50,000 ரிங்கிட் வரை அபராதம். அல்லது ஓராண்டு வரை சிறை. அல்லது இரண்டும் சேர்த்து. ஒரே நேரத்தில் ஐவருக்கு மேல் வைத்திருந்தாலோ, ஆறு மாதத்திற்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை சிறை. அதோடு ஆறு பிரம்படி வரை கொடுக்கலாம். ஆம் தோழர்களே, முதலாளிக்கும் பிரம்படி உண்டு! ஏட்டிலே உண்டு.

நாட்டிலே? 2005 முதல் 2010 வரை குடிநுழைவுக் குற்றங்களுக்காக ஏறத்தாழ 30,000 அயல்நாட்டார் பிரம்படி பட்டனர் என்று அந்நாட்டு அரசே தன் நாடாளுமன்றத்தில் கணக்குக் கொடுத்தது. கட்டடத்தில் கல் சுமந்தவன், செம்பனைத் தோட்டத்தில் குலை அறுத்தவன், உணவகத்தில் தட்டுக் கழுவியவன் பட்ட அடிக்குக் கணக்கு இருக்கிறது. அவன் உழைப்பை உறிஞ்சியவன் பட்ட அடிக்கு அதுபோல் ஒரு கணக்கை யாரேனும் எடுத்துக் காட்டட்டும், பார்ப்போம்.

கம்மாபுரத்தானுக்குக் கோலாலம்பூர்ச் சட்டம் எதற்கு என்று கேட்பவர் உண்டு. கடலூர் மாவட்டத்துச் சிற்றூர்களிலே, வீட்டுக்கு வீடு விசாரித்துப் பாருங்கள். சிங்கப்பூர், மலேசியா, சவூதி, குவைத் என்று நாடுகளின் பெயரை நம் பாட்டிமார் பக்கத்து ஊர்ப் பெயரைப்போலச் சொல்வார்கள். நெய்வேலியிலே 1956-இல் நிறுவனம் தோன்றிய நாள் முதலாக நிலம் சுரங்கத்துக்குப் போயிற்று. நிலம் கொடுத்த குடும்பத்துக்கெல்லாம் நிரந்தர வேலை வந்துவிடவில்லை. 2023 சூலையிலே சேத்தியாத்தோப்புக்கு அருகே வளையமாதேவியில், வளர்ந்து நின்ற நெற்பயிர்மீது மண்வெட்டி இயந்திரம் ஏறிய காட்சியை நாடே கண்டது. வயல் போனவன் கடல் கடப்பான். அதிலே வியப்பென்ன?

கடந்தவன் எப்படிக் 'கள்ளக் குடியேறி' ஆகிறான்? கள்ளத்தனமாய் எல்லை தாண்டி வந்தவன் என்று நினைப்போர் பலர். நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் விமானத்திலே, முத்திரை குத்திய கடவுச்சீட்டோடு இறங்கியவர்கள். இறங்கியவுடனே அந்தக் கடவுச்சீட்டை முதலாளியோ அவன் ஆளோ வாங்கி வைத்துக்கொள்கிறான். பிறர் கடவுச்சீட்டை உரிமையின்றி வைத்திருப்பது அந்நாட்டின் 1966-ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம், அதுவும் ஏட்டிலே! வேலை அனுமதி முதலாளியின் பெயரோடு பிணைந்தது. சம்பளம் வராததால் வேறு இடம் தேடிப் போனால் அந்த நொடியே அனுமதி செத்துவிடுகிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியவன் முதலாளி; புதுப்பிக்காமல் விட்டால் குற்றவாளி ஆகிறவன் தொழிலாளி. பேனா ஒருவன் கையிலே, விலங்கு மற்றொருவன் கையிலே!

நம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன் மூன்றாண்டு அங்கே இருந்து திரும்பினான். கடைசி ஐந்து மாதச் சம்பளம் வரவில்லை. கேட்டபோது முதலாளி கோபப்படவும் இல்லையாம், "போலீசுக்குப் போன் போடட்டுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டானாம். இந்த ஒரு கேள்வி இருக்கும்வரை சவுக்கு எதற்கு, காவல்காரன் எதற்கு? சட்டத்தை மீறியவனே சட்டத்தைக் காட்டி மிரட்டுகிறான், மிரட்டல் பலிக்கிறது!

இது புதிய சூழ்ச்சி அன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலே 'துண்டு' என்றொரு முறை இருந்தது. கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதித்தரும் சீட்டு அது. அது இல்லாமல் வேறு தோட்டம் ஏற்காது. ஒரு தோட்டத்துக் கடன் மறு தோட்டத்துக்குக் கைமாறும். கடனோடு ஆளும் கைமாறுவான். 1921-இலே அந்த முறையைச் சட்டம் ஒழித்தது. துண்டு போயிற்று, பெர்மிட் வந்தது. கங்காணி போனான், முகவன் வந்தான். தலைப்பாகை மட்டும் இல்லை.

அந்த முகவனைப் பற்றியும் இரண்டு சொல். 1983-ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டம், பதிவு பெறாதவன் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பதைக் குற்றமாக்கியது. இரண்டாண்டு வரை சிறை. அபராதமோ 2,000 ரூபாய் வரைதான். பதிவு பெற்றவனும் 30,000 ரூபாய்க்கு மேல் கட்டணம் வாங்கலாகாது என்று 2017-இல் விதி வந்தது. இலட்சம் கேட்கும் முகவனிடம் அந்த விதியை எத்தனை தந்தையர் காட்டினர்? பிள்ளை புறப்படுமுன் நாள் பார்த்தார்கள், கோள் பார்த்தார்கள், இராகு காலம் கழித்து வாசல் தாண்ட வைத்தார்கள். முகவனின் பதிவெண்ணை மட்டும் பார்க்கவில்லை! வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' தளத்திலே பதிவு பெற்றவர் பட்டியல் இருக்கிறது; கைப்பேசியிலே இரண்டு நிமிட வேலை. மோசம் போன பிறகு 'தலையெழுத்து' என்கிறார்கள். தலையிலே எவன் எழுதினான்? ஒப்பந்தத் தாளிலே எழுதியவன் பெயர் தெரியுமே, அதைச் சொல்லுங்கள்!

ஆசிரியர்களாகிய நமக்கு இதிலே தனியாக ஒரு கசப்பு உண்டு. மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோரின் ஒப்பந்தத்தைக் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரி பார்த்து அனுமதிக்கும் ஏற்பாடு இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறியவனுக்கு அது தேவையில்லை. படித்தவன் தன்னைக் காத்துக்கொள்வானாம்! நாம் பாடுபட்டுத் தேற வைத்த சான்றிதழே அவனுக்கு இருந்த ஒரு காவலையும் நீக்கிவிடுகிறது. சுற்றுலா என்று சொல்லிப் போனாலோ கேள்வியே இல்லை. 2023 டிசம்பர் முதல் இந்தியர் விசா இன்றி 30 நாள் தங்கலாம் என்று மலேசியா கதவைத் திறந்தது. சுற்றிப் பார்ப்போர்க்கு மகிழ்ச்சி, முகவனுக்குப் பெருமகிழ்ச்சி.

"ஒரு நாடு தன் எல்லையைக் காப்பது தவறா?" என்று கேட்கிறார்கள். தவறென்று நாம் சொல்லவில்லை. காக்கட்டும். காக்க வேண்டுமானால் ஆளை இழுக்கும் கயிறு எங்கே கட்டியிருக்கிறதோ அங்கே வெட்டட்டும். அமெரிக்காவைப் பாருங்கள். அனுமதியின்றி வந்தவனுக்குப் புகலிடம் தருவது பெருங்குற்றம் என்று 1952-இல் சட்டம் செய்தார்கள். வேலை கொடுப்பது மட்டும் புகலிடம் தருவதாகாது என்று அதே சட்டத்திலே ஒரு வாசகம்! டெக்சாஸ் பண்ணையார்களுக்காகச் செருகப்பட்டது என்பதால் 'டெக்சாஸ் விதிவிலக்கு' என்றே அதற்குப் பெயர். பசித்தவனுக்குச் சோறிட்டு மறைத்து வைத்தால் குற்றம். வெயிலிலே நிறுத்தி வேலை வாங்கினால் குற்றமில்லை! அறிந்தே அவ்வாறு வேலைக்கு வைப்பது குற்றம் என்று கூட்டரசுச் சட்டம் சொல்வதற்கு 1986 வரை, 34 ஆண்டுகள் ஆயின.

மலேசியாவிலே 2020 மே முதல் நாள். உலகமே தொழிலாளர் நாள் என்று கொண்டாடும் நாள். பெருந்தொற்று ஊரடங்கு. கோலாலம்பூர் மசூதி இந்தியா பகுதியிலே, இந்தியரும் பாகிஸ்தானியரும் வங்கதேசத்தவரும் நெருங்கி வாழ்ந்த கட்டடங்களுக்கு அருகே சோதனை. 500-க்கும் மேற்பட்டோர் பிடிபட்டனர், குழந்தைகளும் இருந்தனர். வரிசையாக நடத்திச் சென்ற படங்கள் வெளிவந்தன. அந்த வரிசையிலே முதலாளியைத் தேடிப் பாருங்கள்.

ஆனால், "முதலாளியைப் பிடி" என்று முழங்கிவிட்டால் மட்டும் போதாது. அதிகாரிகள் தோட்டத்துக்குள் நுழைந்தால் முதலில் கம்பிக்குள் போகிறவன் தொழிலாளிதான். வழக்குக்குச் சாட்சி சொல்ல வேண்டியவனை நாடு கடத்திவிட்டால் வழக்கு எங்கே நிற்கும்? முறையிட்டு வெளியேறியவன் வழக்கு முடியும்வரை தங்கச் சிறப்பு அனுமதி வாங்கலாம். அதற்கு மாதம் 100 ரிங்கிட் கட்ட வேண்டும். வேலை செய்யவோ உரிமை இல்லை! ஆகவே நாம் கேட்பது இது: முறையிட்டவன்மீது வழக்கு இல்லை, அவன் சம்பள பாக்கி முதலில், வழக்கு முடியும்வரை வேறிடத்தில் உழைக்க உரிமை. பிறகு 55பி தன் வேலையைச் செய்யட்டும். 2023 முதல் நடப்புக்கு வந்த தொழிற்சட்டத் திருத்தம் கட்டாய உழைப்பு வாங்குவோனுக்கு 100,000 ரிங்கிட் வரை அபராதம் என்கிறது. நல்ல எழுத்து. ஊன்றி நிற்பதற்கு அதற்குக் கால் வேண்டும். சனவரி 12 தோறும் அயலகத் தமிழர் நாள் கொண்டாடும் நம் அரசு, அந்த மேடையிலேயே இதைத் தூதரகத்தின் காதில் விழும்படி கேட்கலாம்.

கேட்குமுன், நம் வாசலையும் பார்க்கத்தான் வேண்டும். செங்கற்சூளையிலே, கோழிப்பண்ணையிலே, கட்டடச் சாரத்திலே ஒடிசாவும் பீகாரும் வந்து நிற்கின்றன. ஐந்து பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ வெளிமாநிலத்திலிருந்து கொண்டுவந்தால் ஒப்பந்தக்காரன் உரிமம் பெற வேண்டும், ஆளுக்கு ஒரு கைப்புத்தகம் தர வேண்டும் என்று 1979-இலேயே நாடாளுமன்றம் சட்டம் செய்தது. அந்தக் கைப்புத்தகத்தை நம் வட்டாரத்துச் சூளையிலே நாம் கண்டதில்லை. 'வடக்கன்' என்று ஏளனம் செய்யும் வாயை நிறையக் கண்டிருக்கிறோம். கோலாலம்பூரிலே நம் பிள்ளையை எப்படி அழைக்கிறார்களோ, அதே குரல்!

வரும் ஞாயிறு நம் மன்றத்துத் தோழர்கள் கம்மாபுரம் சுற்றுவட்டாரச் சூளைகளுக்குப் போகிறோம். உரிமையாளரிடம் ஒரே கேள்வி: பெயர்ப்பதிவேடு எங்கே? இருந்தால் படிப்போம், இல்லையென்றால் தொழிலாளர் துறைக்கு மனு எழுதுவோம். பள்ளி அறிவிப்புப் பலகையிலே பதிவு பெற்ற முகவர் பட்டியலும் அன்றே ஏறும். பக்கத்துக் கடைகளிலே தொங்கும் பஞ்சாங்க நாட்காட்டிக்கு அருகிலும் ஒட்டுவதற்குக் கடைக்காரர்களிடம் இசைவு கேட்டிருக்கிறோம். இருவர் சரியென்றார்கள்.