உயர்ந்த இடம் எது?



இங்கிலாந்து தேசத்தில் சிலருக்கு ஒரு வழக்கம் உண்டு. விடுமுறை நாள்களில் அவர்கள் ஒவ்வொரு கவுண்டியின் மிக உயரமான இடத்துக்கும் கால்நடையாகச் சென்று வருகிறார்கள். கவுண்டி என்பது நம் நாட்டின் மாவட்டத்தை ஒத்த நிலப்பிரிவு. தொன்றுதொட்டு வரும் கணக்கின்படி இங்கிலாந்தில் 39 கவுண்டிகள் உண்டு. வேலையையும் குடும்பத்தையும் கவனித்துக்கொண்டு, கிடைக்கும் நாள்களில் அவை எல்லாவற்றையும் நடந்து முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

இதிலே நாம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். உயரத்தைக் குறித்து மனிதர் பாராட்டும் பெருமை எவ்வளவு உறுதியற்றது என்பதை இந்தப் பயணங்கள் காட்டுகின்றன. மூன்று காரியங்களை மட்டும் உங்கள் சிந்தனைக்கு முன்பாக வைக்கிறேன்.

முதலாவது, சிறிய உயரமும் உயரமே.

கம்பிரியா கவுண்டியின் உச்சி ஸ்காஃபெல் பைக். 978 மீட்டர் உயரமுள்ள இதுவே இங்கிலாந்து முழுமைக்கும் உயர்ந்த சிகரம். உச்சியெங்கும் உடைந்த பாறைகள். திடீரென்று மேகம் இறங்கினால் பாதை தெரியாது. ஏறி இறங்க ஏறத்தாழ ஒரு பகல் வேண்டும். முதல் உலகப்போரில் மாண்ட அப்பகுதி வாலிபரின் நினைவாக, 1919ஆம் ஆண்டில் லெகன்ஃபீல்டு பிரபு இதன் உச்சியை நேஷனல் டிரஸ்ட் என்னும் அமைப்புக்குக் கொடுத்தார்.

கிழக்கே உள்ள நார்ஃபோக் கவுண்டியோ பெரும்பாலும் தாழ்ந்த நிலம். அதன் உச்சியான பீக்கன் ஹில் வெறும் 103 மீட்டர். வெஸ்ட் ரண்டன் ரயில் நிலையத்தில் இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் நடந்து சேர்ந்துவிடலாம். ஸ்காஃபெல் பைக்கின் உயரம் இதைப்போல் ஒன்பது மடங்குக்கும் அதிகம். ஆயினும் நடப்பவரின் பட்டியலில் இரண்டுக்கும் ஒவ்வொரு வரிதான். நார்ஃபோக்கை விட்டுவிட்டவர் பட்டியலை முடித்தவர் ஆகார்.

நம் இல்லங்களில் நாம் செய்வது என்ன? பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கொண்டு நம் பிள்ளையை அளக்கிறோம். பள்ளிக்கூட வாசலையே மிதியாத பெற்றோருக்குப் பிறந்த மகள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறினால், அந்தக் குடும்பம் அதுவரை கண்ட உயரங்களிலெல்லாம் அதுவே பெரியது. அதை அற்பமாய் எண்ணலாமா?

இரண்டாவது, மனிதரின் அளவுகள் மாறும்.

டார்செட் கவுண்டியில் பில்ஸ்டன் பென் என்னும் குன்றே உயர்ந்தது என்று நெடுங்காலம் எல்லாரும் நம்பினார்கள். பிற்காலத்தில் நுட்பமாக அளந்தபோது அது 277 மீட்டர் என்றும், அருகிலுள்ள லூஸ்டன் குன்று 279 மீட்டர் என்றும் தெரியவந்தது. இரண்டு மீட்டர் வித்தியாசத்தில் முதலிடம் கைமாறியது. முன்பு பில்ஸ்டன் பென்னில் ஏறிப் பட்டியலில் குறித்துக்கொண்டவர்கள் லூஸ்டனுக்கும் நடக்க வேண்டியதாயிற்று.

லங்காஷயர் கவுண்டியின் கதை இன்னும் விநோதமானது. 803 மீட்டர் உயரமுள்ள ஓல்ட் மேன் ஆஃப் கானிஸ்டன் என்னும் மலை அதன் உச்சியாக இருந்தது. 1974ஆம் ஆண்டில் நிர்வாக எல்லைகளைத் திருத்தியபோது அம்மலை கம்பிரியாவுக்குள் போயிற்று. மலை அசையவில்லை, வரைபடத்தில் கோடுதான் நகர்ந்தது. ஒரே நாளில் லங்காஷயரின் உச்சி 630 மீட்டருக்கும் கீழே இறங்கிவிட்டது. பதவியும் பட்டமும் இப்படிப்பட்டவையே. அலுவலகத்தில் ஒரு பிரிவை மூடினால், நேற்று மேலாளராக இருந்தவர் இன்று வேலை தேடுகிறார். அவருடைய திறமை குறைந்துபோயிற்று என்று எவரும் எண்ண வேண்டாம்.

மூன்றாவது, நாம் நடக்கும் பாதையை நமக்கு முன்னே ஒருவர் திறந்திருக்கிறார்.

டெர்பிஷயரின் உச்சி, 636 மீட்டர் உயரமுள்ள கிண்டர் ஸ்கௌட். பறவை வேட்டைக்காக அதைத் தனியார் தம் வசம் வைத்திருந்தார்கள். காவலாளிகள் எவரையும் உள்ளே விடுவதில்லை. அருகிலுள்ள மான்செஸ்டர், ஷெஃபீல்டு நகரங்களில் ஆலைப்புகையில் உழைத்தவர்கள் அம்மலையைத் தூரத்திலிருந்து பார்க்கத்தான் முடிந்தது. 1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமையன்று சில நூறு பேர் தடையை மீறி அதன் சரிவில் ஏறினார்கள். அவர்களை நடத்திச் சென்ற பென்னி ராத்மனுக்கு வயது 20. ருமேனியாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோரின் மகன். காவலாளிகளோடு கைகலப்பும் உண்டாயிற்று. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஐந்து வாலிபருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை கிடைத்தது. ராத்மன் நான்கு மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

அவர்கள் பட்ட பாடு வீண்போகவில்லை. 1949இல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் வந்தது. 1951இல் கிண்டர் ஸ்கௌட் அடங்கிய பீக் டிஸ்டிரிக்ட் அந்நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. 2000ஆம் ஆண்டின் சட்டம் இத்தகைய திறந்த மலைவெளிகளில் நடந்து செல்லும் உரிமையை யாவருக்கும் கொடுத்தது. இன்று அங்கே பிள்ளைகளோடு ஏறுகிறவர்களை ஒருவரும் தடுப்பதில்லை.

பிரியமானவர்களே, நாமும் பிழைப்புக்காக அயல் நகரங்களுக்கு வந்தவர்கள். மொழி தெரியாமல், வாடகைக்கு வீடு கிடைக்காமல், ஒரே அறையில் பத்துப் பேராய்த் தங்கி, நமக்கு முன்னே வந்தவர்கள் வழி திறந்தார்கள். அவர்களில் சிலர் இன்று முதிர்வயதில், பேச்சுத்துணையின்றி, நம் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கக்கூடும். இந்த மாதத்தில் ஒரு மாலை, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவர்களுடைய வீட்டுக்கு நடந்து செல்லுங்கள். இந்த நகரத்துக்கு முதன்முதலாய் வந்த நாளைக் குறித்து அவர்களிடம் கேளுங்கள். நம் பிள்ளைகள் அதை அவர்கள் வாயாலேயே கேட்கட்டும்.