எறும்பு ஏறிய ஊரில் மனிதன் ஏறக்கூடாதா?

திருவெறும்பூர் கதை தெரியும்தானே? அசுரன் தொல்லை தாங்காத தேவர்கள் எறும்பு உருவெடுத்துக் குன்றின்மேல் இருக்கும் சிவனைக் கும்பிட வந்தார்களாம். லிங்கத்தில் எண்ணெய்ப் பசை, கால் வழுக்கிற்றாம். பார்த்தார் எறும்பீசர், புற்று மண்ணாக மாறிக் கொஞ்சம் சாய்ந்தும் கொடுத்தாராம், பிடித்து ஏறட்டும் என்று. ஆக, வழுக்குப் பாறையில் பிடி தேடி ஏறுவதையே தலபுராணமாக வைத்திருக்கும் ஊர் இது. அந்த ஊர்ப் பையன் ஒருவனுக்கு ராக் கிளைம்பிங் ஆசை வந்தால் என்ன செய்கிறான்? ராத்திரி ரயிலைப் பிடித்துப் பெங்களூர் போய், அங்கிருந்து ராமநகரா போகிறான். போகிற வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பாறைதான், அது வேறு கொடுமை.

ராமநகரா என்றால் 1975-இல் வந்த ஷோலே படத்துக் கப்பர் சிங்கின் பாறைகள். பக்கத்திலேயே சாவன்துர்கா, ஒரே கல்லாக எழுந்து நிற்கும் மலை. வடக்கே போனால் பாதாமியில் சிவப்பு மணற்பாறை, கயிறு மாட்ட போல்ட் அடித்துத் தயாராக இருக்கும் தடங்கள். ஹம்பியில் கயிறே வேண்டாம். கீழே மெத்தை விரித்துவிட்டு ஆளுயரத்துக்குச் சற்று மேலான உருண்டைக் கற்களில் ஏறுகிறார்கள், போல்டரிங் என்று பெயர். 2003-இல் அமெரிக்கர் கிரிஸ் ஷர்மா அங்கே ஏறியது 'பில்கிரிமேஜ்' என்ற படமாக வந்தது. கர்நாடக அரசு ஜெனரல் திம்மய்யா பெயரில் சாகச அகாடமியே வைத்துப் பயிற்சி கொடுக்கிறது. ராமநகராவில் இருப்பது கிரானைட். திருச்சி, புதுக்கோட்டை வட்டாரத்தில் இருப்பதும் கிரானைட், நைஸ் என்று அதே கெட்டிக்கல் ஜாதிதான். கல்லில் குறையில்லை.

"இந்த வெயில்ல எவன் ஏறுவான்?" என்பார்கள். ஜோர்டானில் வாதி ரம் என்று ஒரு பாலைவனம் இருக்கிறது. மணலும் செங்குத்து மணற்பாறையும் தவிர வேறில்லை. அங்கே இருக்கும் பெதூயின் மக்கள் மலையாட்டை வேட்டையாடத் தலைமுறை தலைமுறையாக அந்தப் பாறைகளில் ஏறியவர்கள். 1984-இல் டோனி ஹோவர்ட் என்ற பிரிட்டிஷ்காரர் தன் கூட்டாளிகளோடு போய், அவர்கள் ஏறிய வழிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, புதிதாகவும் ஏறி, புத்தகம் போட்டார். இன்று உலகம் முழுவதிலிருந்தும் ஏறுகிறவர்கள் போகிறார்கள், பெரும்பாலும் கோடையை விட்டுவிட்டு. பெதூயின்கள் வழிகாட்டுகிறார்கள், ஜீப் ஓட்டுகிறார்கள், கூடாரத்தில் சோறு போடுகிறார்கள். 2011-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. பாலைவனத்துக்கே சீசன் இருக்கும்போது திருச்சிக்கு மார்கழி, தை இல்லையா? நீலகிரியில் குறும்பர்கள் தேனெடுக்கக் கொடிக்கயிற்றில் செங்குத்துப் பாறையில் தொங்குகிறார்கள். இந்த வித்தை தமிழ்நாட்டுக்கு அந்நியமும் இல்லை.

உண்மையான காரணம் வெயில் அல்ல, கணக்கு. இங்கே ஒரு குன்று அரசாங்கத்தின் கண்ணில் படுவதற்கு இரண்டே வழி. மேலே கோயில் இருக்க வேண்டும், அல்லது உள்ளே ஜல்லி இருக்க வேண்டும். முதலாவது கிடைத்தால் கம்பிவேலியும் நீலப் பலகையும். இரண்டாவது என்றால் ஏலம், வெடி, கிரஷர். இரண்டும் இல்லாத குன்று 'தரிசு'.

பி.காம். முதல் வருடப் பையனுக்கே தெரிந்த விஷயம் இது: மூலதனத்தை விற்றுச் சாப்பிட்டுவிட்டு அதை வருமானம் என்று எழுதக்கூடாது. குவாரி சீனியரேஜ் தொகை அந்த ரகம். ஒருமுறை வரும், அப்புறம் பச்சைத்தண்ணீர் தேங்கிய பள்ளம். அந்தப் பள்ளத்துக்குத் தேய்மானம் எழுதிய பேலன்ஸ் ஷீட்டை யாராவது காட்டினால் புண்ணியம். மதுரை கிரானைட் விவகாரத்தில் உயர் நீதிமன்றம் நியமித்த சகாயம் 2015-இல் அறிக்கை கொடுத்தபோது இழப்பு ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டும் என்று செய்தி வந்தது. அது கல்லின் விலை. மலை போனதற்கு விலையே போடவில்லை.

அதே மதுரையில்தான் அரிட்டாபட்டியும் இருக்கிறது. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். பிறகு டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் அந்தப் பகுதி சிக்கியபோது ஜனம் திரண்டு தெருவுக்கு வந்தது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. எப்படி முடிந்தது? அந்த மலையில் எந்தக் கழுகு கூடு கட்டும், எந்தச் சுனையில் தண்ணீர் நிற்கும் என்று தெரிந்த ஆட்கள் ஊரில் இருந்தார்கள். ஏறி இறங்கிப் பழகியவனுக்குத்தான் மலை போனால் வலிக்கும். பஸ் ஜன்னலில் பார்த்தவனுக்கு வலிக்காது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், பின்னால் சண்டைக்கு வருவார்கள். மலைக்கோட்டையில் போல்ட் அடி என்று யாரும் கேட்கவில்லை. எறும்பீசர் குன்றிலும் வேண்டாம், நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரம் பக்கமும் வேண்டாம். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் பாறையில் கால்வைக்கக் குழி வெட்டி ஏறிப் போய்ப் படுத்த சமணத் துறவிகளின் கற்படுக்கைகள் இருக்கின்றன. அங்கே ஆணி நுனிகூடப் படக்கூடாது. (காதலி பெயரைக் கிறுக்கும் மகான்களுக்கும் இது பொருந்தும்.) கேட்பது மிச்சமுள்ள பெயரில்லாத குன்றுகளைத்தான்.

"விழுந்து செத்தால்?" நியாயமான கேள்வி. இப்போதும் பையன்கள் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள், செருப்புக் காலோடு, செல்ஃபிக்கு, ஒரு முழம் கயிறு இல்லாமல். கயிறும் ஹார்னஸும் ஹெல்மெட்டும், கீழே நின்று கயிறு பிடிக்கத் தெரிந்த ஒரு ஆளும் இருந்தால் ஆபத்து கூடுமா, குறையுமா? 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே சுவரேறும் போட்டி சேர்ந்தாயிற்று. இங்கே இன்னும் அது வேலையற்றவன் விளையாட்டு.

கனிமவளத் துறையிடம் எந்தக் குன்றில் எத்தனை கன மீட்டர் கல் என்று கணக்கு இருக்கிறது. தொல்லியல் சின்னமும் இல்லாத, குத்தகைக்கும் போகாத குன்றுகள் திருச்சி, புதுக்கோட்டையில் எத்தனை, அதில் ஏறத் தகுந்தவை எவை என்று சுற்றுலாத் துறையிடம் ஒரு பக்கப் பட்டியலாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட 10 ரூபாய்தான்.