நிறமும் நேர்ப்பேச்சும்

அம்பாறைக் கரையோரத்திலே, ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையே அமைந்துள்ள பாலமுனையும் அதனையொத்த ஏனைய முஸ்லிம் ஊர்களும் தமது பேச்சின் ஒளிவுமறைவின்மை பற்றிப் பெருமை கொள்வன. விடுமுறைக்கு வீடு திரும்பும் மாணவியைப் பார்த்து, "என்ன மகள், இப்பிடிக் கறுத்துப் போயிற்றாய்?" என்று மாமியும் சாச்சியும் கேட்பதை எவரும் குற்றமாகக் கொள்வதில்லை. "உருவத்தைப் பற்றி வாய் திறவாத இங்கிதம் வெள்ளைக்காரனுடையது, எமக்கு மனத்தில் ஒன்றும் வாயில் ஒன்றுமாகப் பேசத் தெரியாது" என்பது இதற்குக் கூறப்படும் நியாயமாகும். இந்நியாயம் எத்துணை உரமுடையது என்பதை ஆராய்தல் வேண்டும்.

உருவம் பற்றிய பேச்சு எல்லாச் சமுதாயங்களிலும் ஒரே பொருளைத் தருவதில்லை என்பதை முதற்கண் ஒப்புக்கொள்வோம். பீஜித் தீவு மக்களிடையே ஒருவர் மெலிந்ததையும் பருத்ததையும் முகத்துக்கு நேரே கூறுதல் பழைய வழக்கம். திரண்ட உடல், சுற்றத்தார் ஒருவரை நன்கு பேணுகின்றனர் என்பதன் அடையாளம்; மெலிவு, பேணாமையின் அடையாளம். எமது கரையோரத்திலும் "மெலிந்து போனாய்" என்ற சொல்லைத் தொடர்ந்து சோற்றுப் பீங்கான் முன்னே வந்தது. அன்பின் பாற்பட்ட அப்பேச்சை யாரும் பழிப்பதற்கில்லை.

ஆயின், அளவுகோல் மாறும்போது சொல்லின் பொருளும் மாறிவிடுகின்றது. பீஜியின் ஒரு பகுதிக்கு 1995 இல் தொலைக்காட்சி வந்தது. மானிடவியலாளரான ஆன் பெக்கர் அவ்வாண்டிலும் மீண்டும் 1998 இலும் அங்குள்ள பாடசாலை மாணவியரிடையே ஆய்வு செய்தார். உண்ணும் முறையிற் கோளாறுக்கான அறிகுறி மிகுந்தோர் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாக உயர்ந்திருந்தனர். தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்ட அழகுக் கருத்து மூன்றே ஆண்டுகளில் ஆட்டங்கண்டது. பழைய அளவுகோல் பறிபோன பின்னரும் பழைய நேர்ப்பேச்சு தொடருமாயின், அது அன்பாக அன்றி அம்பாகவே பாயும்.

எமது ஊர்களில் நிகழ்ந்திருப்பதும் இதுவே. வயலிலும் கடலிலும் உழைப்போரின் தோல் வெயிலிற் கறுப்பது இயற்கை. கதிரவனிடமிருந்து உடலைக் காக்க மெலனின் என்னும் நிறப்பொருள் பெருகுவதன் விளைவு அது. பண்டைத் தமிழரும் கருமையை இழிவெனக் கருதவில்லை. குறுந்தொகையின் 27 ஆம் பாடலில் வெள்ளிவீதியாரின் தலைவி பறிபோகின்றதே என வருந்துவது மாந்தளிர் போன்ற மாமை நிறத்தின் அழகையே. அதனை உண்ண வருவது வெளிறிய பசலை. அன்று நோயெனப்பட்ட வெளிறலை இன்று நாம் விலை கொடுத்து வாங்குகின்றோம்!

விற்பவர் யார்? முகத்துக்கு நேரே நிறம் பேசுவதை அநாகரிகமெனக் கருதும் அதே ஐரோப்பாவின் கம்பனியே தன் இந்தியக் கிளையின் வாயிலாக 1975 இல் 'ஃபெயார் அன்ட் லவ்லி'யைச் சந்தைக்குக் கொணர்ந்தது. உலகெங்கும் நிறவெறிக்கெதிரான குரல் எழுந்த 2020 இல் 'ஃபெயார்' போய்க் 'குளோ' வந்தது. பெயர் மாறிற்று, களிம்பு நிலைத்தது. மலிவான வேறு பல பூச்சுகளின் கதை இதனினுங் கொடியது. அவற்றிற் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பது பல நாடுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. அது மெலனின் உருவாவதைத் தடுக்கும். கூடவே சிறுநீரகத்தையும் பழுதாக்கும். 2017 இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய பூச்சுகளுக்கு எதிராக எழுந்ததுமாகும்.

எனினும் பழி முழுவதையும் கம்பனிகளின் தலையிற் சுமத்திவிட்டு நாம் தப்பிவிட முடியாது. எமது ஊர்களிலே பெண்ணைப் பெற்றவர் வீடு கொடுத்தே மகளை மணமுடித்து வைக்கின்றனர். அதற்கு மேலாகக் கைக்கூலி. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இதனைப் பெயர் குறித்து ஏற்று, மனைவி அதனை மீளப்பெறவும் வழி வகுத்துள்ளது. இப்பேரத்திலே "பிள்ளை நிறம் கொஞ்சம் குறைவு" என்பது வெறும் வருணனையன்று, விலை கூறலாகும். "கறுத்துப் போயிற்றாய்" என்ற சொல் காதில் விழும்போது, இன்னும் எத்தனை ஏக்கர் வயலை ஈடுவைக்க நேருமோ என்றே தாய் கணக்கிடுகின்றாள்.

நேர்மை எனின் அது யாவர்க்கும் பொதுவாதல் வேண்டும். போடியாரின் தொந்தியைப் போடியாரின் முகத்துக்கு நேரே பேசிய வாய் எது? மாப்பிள்ளையின் வழுக்கையை எடைபோட்டுக் கைக்கூலியைக் குறைத்த பெண்வீட்டார் எவர்? பெண்ணின் நிறத்தைக் கூசாது பேசும் அதே வாய், தொகை கேட்கும் வேளையில் மட்டும், "உங்கட பிள்ளைக்குச் செய்யிறதச் செய்யுங்க" என்று குழைகின்றது. வெள்ளைக்காரனுடையதென நாம் எள்ளிய இங்கிதம் அங்கே எங்கிருந்து வந்தது? எளியார் மீது மட்டும் பாய்கின்ற நேர்ப்பேச்சு நேர்மையாகாது, அது அதிகாரம்.

"உள்ளதைத்தானே சொல்கின்றோம்" என்பார்க்கு மார்க்கமே விடை தந்துள்ளது. ஸபிய்யா (றழி) அவர்களின் குட்டையான தோற்றத்தைச் சுட்டி ஆயிஷா (றழி) அவர்கள் ஒரு சொல் கூறியபோது, அச்சொல் கடலிற் கலந்தால் கடல்நீரையே கெடுத்துவிடும் என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததாக அபூதாவூதின் தொகுப்பு கூறுகின்றது. அச்சொல் பொய்யென்று கண்டிக்கப்படவில்லை என்பது சிந்திக்கத்தக்கது. உண்மையாயிருத்தல் ஒன்றே ஒரு சொல்லைக் கூறும் உரிமையை எவர்க்கும் அளித்துவிடாது. கடலைப் பார்த்தே விடியும் ஊரவர்க்கு இவ்வுவமையின் கனதியை விளக்கவும் வேண்டுமோ?

இதனை மாமியரின் அறியாமை என்று நகைத்து ஒதுக்க மாணவராகிய எமக்குத் தகுதியில்லை. பட்டமும் அரசாங்க உத்தியோகமும் மாப்பிள்ளையின் விலையை உயர்த்துகின்றன. நாம் பெறும் கல்வியே இச்சந்தையின் உயர்ந்த சரக்காகி நிற்கின்றது. மேடையில் நிறவெறியைச் சாடிவிட்டு, வீட்டில் "வெள்ளைப் பிள்ளையாகப் பாருங்கள்" என்று தாயிடம் சொல்லியனுப்பும் பட்டதாரி, களிம்புக் கம்பனியின் கூலி பெறாத முகவனே.

நேர்ப்பேச்சை நாம் கைவிட வேண்டியதில்லை. அதன் திசையை மாற்றினாற் போதும். நிறத்தைப் பேசும் நாவுகள் இனிக் கைக்கூலியைப் பேசட்டும். "எவ்வளவு கேட்கின்றீர், எந்த உரிமையிற் கேட்கின்றீர்?" என்று மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே கேட்கும் துணிவு எமது ஊர்களுக்கு வரட்டும். அன்றே எமது வெளிப்படைப் பேச்சுப் பெருமைக்குரியதாகும்.